மலையகத்து வீட்டுத்தோட்டத்தில் புளூபெரி: கன்று ஏன் மஞ்சளாகி நிற்கிறது?

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் அப்பா பல வருடம் கோவாவும் லீக்ஸும் போட்ட துண்டில் இரண்டு புளூபெரிக் கன்று வைத்திருக்கிறார்கள். வைத்து இரண்டு வருடம் ஆகிறது, முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. புதிதாக வரும் இலை மஞ்சளாக இருக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. பூ இல்லை. குளிர் போதாது என்கிறார் அப்பா. மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூளான டொலமைட்டைப் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மாமா. இது மலையகத்தில் வருமா, இல்லாவிட்டால் பிடுங்கிவிட்டு ஸ்ட்ரோபெரி வைக்கவா என்பதுதான் கேள்வி.

வரும் தங்கச்சி, தாராளமாக வரும். ஆனால் டொலமைட் வேண்டாம், ஒரு பிடிகூட வேண்டாம். மாமா மரக்கறிக்குச் சொல்வதைச் சொல்கிறார், மரக்கறிக்கு அது சரியான பேச்சு. உங்கள் கன்றை வாட்டிக்கொண்டிருப்பதே அந்தத் துண்டில் வருடக்கணக்காகப் போட்ட டொலமைட்டும் கோழி எருவும்தான்.

புளூபெரிக்கு அமில மண் வேண்டும். மண்ணின் புளிப்பை அளக்கும் எண்தான் பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். அது 4.5க்கும் 5.5க்கும் நடுவில் இருந்தால் செடி சுகமாக வளரும். இந்த அளவு நமக்குப் புதிதல்ல. தலவாக்கலை சென்.கூம்ஸிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேயிலைக்குச் சொல்லும் அளவும் இதேதான். பி.எச். 5.5ஐத் தாண்டி ஏற ஏற, மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் புளூபெரி வேரால் அதை எடுக்க முடிவதில்லை. இரும்பு இல்லாமல் பச்சையம் உண்டாகாது. அதனால் இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அந்த அடையாளம். இதோடு, மலையகத்தில் பழைய மரக்கறித் துண்டுகளில் கோழி எருவாலும் உரத்தாலும் பொஸ்பரஸ் தேவைக்கு மேல் சேர்ந்து கிடக்கும். அதுவும் இரும்பைக் கட்டிப்போடும்.

இந்தச் செடியை மனிதர் தோட்டத்தில் வளர்க்கத் தொடங்கி நூறு வருடம் சொச்சம்தான் ஆகிறது. அதற்கு முன் அமெரிக்காவில் காட்டில் பறித்துத்தான் தின்றார்கள். காட்டுச் செடியை எடுத்து வந்து, எருப் போட்டுச் சுண்ணாம்பு போட்டுப் பண்படுத்திய தோட்டத்து மண்ணில் வைத்தால் செத்துப்போகும். அதனால் இது வீட்டுக்கு வராத செடி என்றே இருந்துவிட்டார்கள். பிரெடெரிக் கொவில் என்ற தாவரவியலாளர்தான் 1910இல் இதற்கு அமில மண் வேண்டும் என்று சோதனை செய்து காட்டினார். அதைக் கேள்விப்பட்டு, நியூஜெர்சியில் கிரான்பெரித் தோட்டம் வைத்திருந்த எலிசபெத் வைட் என்ற பெண் 1911இல் அவரோடு சேர்ந்தார். நல்ல பழம் தரும் காட்டுச் செடிகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று கலப்புச் செய்து, 1916இல் முதல் விளைச்சலை விற்றார்கள். விவசாயி 'நல்ல மண்' என்று சொல்லும் மண்ணே இந்தச் செடிக்கு ஆகாத மண் என்பதுதான் அன்றைக்கு அவர்கள் கண்டுபிடித்தது. மலையகத்தில் புளூபெரி வைத்துக் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்குகிறார்கள். வீட்டில் இருப்பதிலேயே செழிப்பான பாத்தியைப் பார்த்து அதில் வைப்பார்கள். அதே வீட்டுக்கு மேலே, தேயிலை நின்ற, சுண்ணாம்பு படாத, சிவந்த மேட்டு மண் சும்மா கிடக்கும்.

ஸ்ட்ரோபெரிக்கு 5.5 முதல் 6.5 வரை பி.எச். வேண்டும். அப்பாவின் கோவாப் பாத்தி அதற்குப் பொருத்தமான இடம். ஆகவே புளூபெரியா ஸ்ட்ரோபெரியா என்று யோசிக்க வேண்டியதில்லை. அந்தப் பாத்தியில் ஸ்ட்ரோபெரி வையுங்கள், புளூபெரியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் மண் எப்படி என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. லயத்து வாசலிலும் வீட்டு வேலியிலும் ஹைட்ரேஞ்சியா நிற்குமே, அதன் பூவைப் பாருங்கள். வெள்ளைப் பூ ரகம் கணக்கில்லை, அது நிறம் மாறாது. மற்ற ரகத்தில் நல்ல நீலமாகப் பூத்தால் மண் அமிலமாக இருக்கிறது. அமில மண்ணில்தான் அலுமினியம் கரைந்து செடிக்குள் போகும், அந்த அலுமினியம்தான் பூவை நீலமாக்குகிறது. இளஞ்சிவப்பாகப் பூத்தால் அமிலம் குறைவு. ஒரே செடியில் சுவர்ப் பக்கத்துப் பூ சிவப்பாகவும் வெளிப்பக்கத்துப் பூ நீலமாகவும் இருப்பதை நான் மலையகத்தில் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். சுவரிலிருந்தும் அத்திவாரத்திலிருந்தும் கசியும் சுண்ணாம்பு அந்தப் பக்கத்து மண்ணை மாற்றிவிடுகிறது. அதனால் புளூபெரியைச் சுவரோரம், சீமெந்துக் கட்டோரம் வைக்கவே கூடாது. கணக்காகத் தெரிய வேண்டுமென்றால் பி.எச். தாள் வாங்கி, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு மழைத் தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிந்த பிறகு தோய்த்துப் பாருங்கள். மண்ணில் குத்தும் இரண்டு கம்பி மீற்றர் மலிவாகக் கிடைக்கும். அதை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள்.

இப்போது அப்பா சொன்ன குளிர். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கில், ஐரோப்பாவில் வளரும் உயரப் புதர் ரகங்களுக்கு வருடத்தில் 800 முதல் 1000 மணித்தியாலம் வரை 7 பாகைக்குக் கீழே குளிர் வேண்டும். புளூகுரொப், டியூக் எல்லாம் அந்த வகை. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில்கூட, ஜனவரி பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழுந்தாலும், அந்த அளவு நீண்ட குளிர் கிடையாது. கொட்டகலையில், அட்டனில், பண்டாரவளையில் கேட்கவே வேண்டாம். அந்த ரகத்தை இங்கே வைத்தால் இலை விடும், ஒழுங்காகப் பூக்காது.

மற்றப் பாதி இதுதான். புளோரிடாவிலும் மிசிசிப்பியிலும் சூடான இடத்துக்கென்றே தெற்கத்திய ரகங்களை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஷார்ப்புளூ, மிஸ்டி, எமரல்ட், ஜுவல், பிலொக்ஸி ஆகியவை அந்த வரிசை. பிலொக்ஸி 1998இல் வெளிவந்தது. குளிர் என்பதே பெயரளவுக்கு இருக்கும் பெரு நாட்டுக் கடற்கரைப் பாலைவனத்தில் இந்த ரகத்தை வைத்துத்தான் அந்த நாடு சில வருடத்திலேயே உலகின் மிகப் பெரிய புளூபெரி ஏற்றுமதி நாடாக ஆனது. கொலம்பியா நம்மைப் போலவே பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு. அங்கே மலைப்பகுதிகளில் பிலொக்ஸி இலை உதிர்க்காமல் வருடம் முழுக்க நிற்கிறது, பூவும் காயும் பழமும் ஒரே செடியில் இருக்கும். நம் மலைக்குப் பார்த்துப் பழக வேண்டிய ஊர் அதுதான். ஆகவே குளிர் போதாது என்று கைவிட வேண்டாம், ரகத்தைப் பார்த்து வாங்குங்கள். எனக்குக் கேட்டால், முதல் செடி பிலொக்ஸி, இரண்டாவது ஷார்ப்புளூ அல்லது எமரல்ட் என்பேன். மிஸ்டி அளவுக்கு மீறிப் பூத்துத் தன்னையே களைக்க வைத்துக்கொள்ளும், புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது வேண்டாம்.

நமது மண்ணுக்கு இந்தக் குடும்பம் அந்நியமும் அல்ல. ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ட்ரன் மரம், சிங்களத்தில் மகா ரத்மல் என்பார்களே, அது புளூபெரிக்குச் சொந்தம். புளூபெரியின் இனமான வாக்சினியத்திலேயே காட்டு வகைகள் நமது உயர்மலைக் காட்டில் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து செடியோ மண்ணோ எடுத்து வர நினைக்காதீர்கள். அது தேசியப் பூங்கா, எடுப்பது குற்றம்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு சோதனை சொல்கிறேன். கன்றில் இலைகள் மாறி மாறி, ஒரு கணுவுக்கு ஒன்றாக வர வேண்டும். ஒரே கணுவில் இரண்டு பக்கமும் சோடியாக இலை வந்தால் அது புளூபெரி அல்ல. நாவல் வகையைச் சேர்ந்த ஏதோ ஒன்றைப் படம் ஒட்டி விற்கிறார்கள். நல்ல கன்றின் இலை சிறியதாக, முட்டை வடிவத்தில், கொழுந்து லேசான செம்பு நிறத்தில் இருக்கும். விதைப் பைக்கற் வாங்குவதில் பயனில்லை. முளைத்தாலும் தாய்ச் செடியின் குணம் வராது, காய்க்க மூன்று நான்கு வருடம் எடுக்கும், கடைசியில் குளிர் கேட்கும் ரகமாகப் போகவும் கூடும். வெளிநாட்டிலிருந்து யாராவது கன்றைப் பெட்டியில் மறைத்துக் கொண்டு வந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி எடுத்து, கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை வழியாகத்தான் வர வேண்டும். ஒரு கன்றோடு வரும் வேர்நோய் மலை முழுக்கப் பரவும். தேயிலையில் 1860களுக்குப் பிறகு நமக்கு வாழ்க்கை வந்ததே, இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததால்தான்.

சரி, எங்கே எப்படி வைப்பது? கொட்டகலை, அட்டன், வட்டவளைப் பக்கத்தில் நான் நிலத்தில் வைக்கச் சொல்ல மாட்டேன். குளிரைவிட உங்களுக்குப் பெரிய எதிரி மே மாதம் தொடங்கும் தென்மேற்கு மழை. புளூபெரியின் வேர் தலைமயிர் போல் மெல்லியது, வேர்த்தூவி கிடையாது, மேல் மண்ணில் ஓர் அடிக்குள்ளேயே படர்ந்துவிடும். அந்த வேர் தொடர்ந்து சில நாள் தண்ணீரில் நின்றால் மூச்சுத் திணறும், அப்புறம் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய் பிடிக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடித் தொங்கினால் அதுதான் நோய். பலர் வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். கன்றைத் தூக்கி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் மண்ணிறமாக இருக்கும், அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் தோல் கழன்று வரும்.

ஆகவே பை அல்லது தொட்டி. 25 லீற்றரிலிருந்து 40 லீற்றர் வரை கொள்ளும் வளர்ப்புப் பை, அடியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ற் வாளி, எதுவானாலும் சரி. அகலம் முக்கியம், ஆழம் அவ்வளவு முக்கியமில்லை. இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்காதீர்கள். உள்ளே நிரப்ப நான் சொல்லும் கலவை இது: பாதி தும்புத்தூள், கால் பங்கு பைனஸ் பட்டைத் துண்டு, மிச்சக் கால் பங்கு கழுவிய பருமணல் அல்லது பெர்லைற். பட்டை கிடைக்காவிட்டால் ஒரு வருடம் மழையில் கிடந்து கறுத்த சவுக்கு மரத்தூள் போடலாம். புதிய மரத்தூள் நைதரசனை இழுத்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும். பச்சைச் சாணி, கோழி எரு, சாம்பல் இவை மூன்றும் கிட்டவே வரக்கூடாது.

தும்புத்தூளைப் பற்றி ஒரு வார்த்தை. அது நமது நாட்டுச் சரக்கு, உலகம் முழுக்கப் புளூபெரித் தோட்டங்களுக்குப் போகிறது, தரமானதே. ஆனால் தும்பு கடலோரத்தில் ஊறப்போடப்பட்டிருந்தால் உப்பு இருக்கும், புளூபெரி உப்புத் தாங்காது. கட்டியை உடைத்து, பெரிய வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரின் தேயிலைச்சாயம் போன்ற நிறம் மங்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். தும்புத்தூளின் பி.எச். பெரும்பாலும் 5.5க்கு மேலேதான் இருக்கும். அதனால் 25 லீற்றர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி கந்தகத்தூள் கலந்து, ஈரமாக ஒரு மாதம் இரண்டு மாதம் மூடி வையுங்கள். கந்தகத்தை அமிலமாக மாற்றுவது மண்ணிலுள்ள பற்றீரியா. அவை வேலை செய்ய ஈரமும் நேரமும் வேண்டும், குளிரில் இன்னும் மெதுவாகத்தான் செய்யும்.

பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் மழை குறைவு, வடிகால் நன்றாக இருக்கும். அங்கே பழைய தேயிலை மண்ணில் நிலத்திலேயே வைக்கலாம். ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி, மேட்டின் மேல் நடுங்கள், பக்கத்தில் கான் வெட்டுங்கள், செடிக்குச் செடி நான்கு அடி விடுங்கள். மண்ணின் பி.எச். அரைப் புள்ளி கூடுதலாக இருந்தால், சதுர மீற்றருக்குச் சுமார் 60 கிராம் கந்தகத்தூள் முன்கூட்டியே முள்ளால் கிளறிச் சேர்த்தால் இறங்கிவிடும். அதற்காகப் புளிப்பைக் கண்டபடி கூட்டவும் வேண்டாம். பல பத்து வருடம் உரம் போட்ட சில தேயிலை மலைகளில் பி.எச். 4க்கும் கீழே போயிருக்கும், அதில் அலுமினியமும் மங்கனீசும் நஞ்சாகும்.

மேலே மூடாக்கு எந்த ஊரிலும் அவசியம். பைனஸ் ஊசி இலை இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் போடுங்கள். ஊசி இலை மண்ணைப் புளிக்க வைக்கும் என்று சொல்வார்கள், அந்த அளவுக்கு ஒன்றும் நடக்காது. அது செய்யும் வேலை, மேல் வேரைக் காயாமல் காப்பது. குடித்த தேயிலைச் சக்கை, கோப்பித் தூள் சக்கை போடுகிறவர்களும் உண்டு. கொஞ்சமாகப் போட்டால் கெடுதல் இல்லை, அதனால் மண் அமிலமாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். படிகாரம் போடச் சொன்னால் கேட்காதீர்கள், அது அலுமினியம்.

தண்ணீர் விஷயத்தில் மலையகத்துக்காரர் கொடுத்து வைத்தவர்கள். பீலித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையானவை, இந்தச் செடிக்கு அப்படியே பொருந்தும். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் தேங்கிய தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் சுண்ணாம்பு இறங்கும். பிளாஸ்ரிக் பீப்பாயில் பிடித்து வையுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் அடிக்கும் நாட்களில் விரலை மூடாக்குக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மழை நேரே விழும் செடிக்கு மழைக்காலத்தில் ஒரு சொட்டும் தேவையில்லை. கூரைக்குக் கீழே நிற்கும் செடிக்கு அப்போதும் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

உரத்தில் அநேகமானவர்கள் தேயிலை உரத்தைக் கொஞ்சம் அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். தேயிலைக் கலவையில் மியூரியேட் ஒப் பொட்டாஷ் இருக்கிறது, அதிலுள்ள குளோரைட் புளூபெரியின் இலை ஓரத்தைக் கருக்கும். நைதரசனை இந்தச் செடி அமோனியமாகத்தான் விரும்பி எடுக்கும், நைத்திரேற்று உரம் இதற்குச் சரிவராது. சல்பேட் ஒப் அமோனியா வாங்குங்கள். பையிலுள்ள இளம் செடிக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் அளவு, ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை, தண்டிலிருந்து தள்ளித் தூவித் தண்ணீர் விட வேண்டும். கூடப் போட்டால் வேர் எரியும், பசி என்று நினைத்து அள்ளிக் கொட்டாதீர்கள். பொட்டாஷ் வேண்டுமென்றால் சல்பேட் ஒப் பொட்டாஷ் கொஞ்சம். மக்னீசியத்துக்குத்தானே எல்லாரும் டொலமைட் போடுகிறார்கள், அதற்குப் பதிலாக எப்சம் உப்பு அரைத் தேக்கரண்டி கரைத்து ஊற்றுங்கள். மக்னீசியம் கிடைக்கும், பி.எச். ஏறாது.

செடிக்கு என்ன குறை என்று இலையே சொல்லிவிடும். இளம் இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புக் குறை, அதாவது பி.எச். கூடிவிட்டது. கீழே உள்ள முதிர்ந்த இலையில் ஓரம் சிவந்து மஞ்சளாகி நடு மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியம். செடி முழுக்க ஒரே மாதிரி வெளிறினால் நைதரசன். ஓரம் கருகினால் உப்பு அல்லது குளோரைட். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டினால் துரு நோய். நமது ஊரில் செடி இலை உதிர்க்காமல் நிற்பதால் துரு ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குத் தாண்டிப் போகும். நோய்ப்பட்ட இலையைக் கிள்ளி எரித்துவிட்டு, செடிக்குள் காற்றுப் போகும்படி கிளையைக் குறையுங்கள்.

இலையும் பூவும் நனைவதைத் தடுத்தாலே பாதி நோய் வராது. நாலு கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே தெளிந்த பொலித்தீன் கூரை ஒன்று போடுங்கள், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். நுவரெலியாவில் பூவுக்கும் ஸ்ட்ரோபெரிக்கும் போடுகிற அதே ஏற்பாடுதான். மழையில் பூ அழுகாது, பழம் வெடிக்காது, தேனீயும் வந்து போகும்.

பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், காய் பிடிக்கவில்லை என்ற குறை அதிகம் கேட்கிறேன். பூ சிறிய வெள்ளை மணி போல் தலைகீழாகத் தொங்கும். மகரந்தம் வெளியே தூள் தூளாக இருக்காது. கேசரத்தின் நுனியில் ஒரு துளை இருக்கும், பூவை அதிர வைத்தால்தான் அதன் வழியே கொட்டும். அமெரிக்காவில் பம்பிள் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை அதிரவைத்து இதைச் செய்யும். நம்மிடம் அந்தத் தேனீ இல்லை. நமக்கு உள்ள நீல வரி போட்ட குட்டித் தேனீ அதே மாதிரி 'ஸ்ஸ்' என்று அதிர்த்து எடுக்கும், சாதாரணத் தேனீயும் ஓரளவு உதவும். பெரிய கரு வண்டு வந்தால் பூவின் அடியில் பக்கவாட்டில் கீறித் தேனைக் குடித்துவிட்டுப் போகும், மகரந்தத்தைத் தொடாது. மணியின் காம்புப் பக்கத்தில் சின்னக் கீறல் இருந்தால் அது வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். மழை விட்ட ஒரு மத்தியானத்தில் நீங்களே செய்துவிடலாம். பெருவிரல் நகத்தைப் பூவின் வாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, காம்பை மறுகையால் லேசாகச் சுண்டுங்கள். நகத்தில் மங்கலான மஞ்சள் தூள் விழும். அதைச் சிறு தூரிகையால் தொட்டு, அடுத்த ரகத்துச் செடியின் பூவில், மணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியில் தடவுங்கள். தெற்கத்திய ரகம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், இரண்டு ரகம் பக்கத்தில் இருந்தால் பழம் பெரிதாகவும் சீக்கிரமாகவும் வரும்.

முதல் வருடம் வரும் பூவை எல்லாம் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் கிள்ளுங்கள். மூன்றாம் வருடத்திலிருந்துதான் பேர் சொல்லும்படி காய்க்கும், நன்றாக வளர்ந்த செடி வருடத்துக்கு இரண்டு கிலோவும் அதற்கு மேலும் தரும். கவ்வாத்து நம்மவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, ஆனால் தேயிலைக்கு வெட்டுவது போல் மேலே மட்டமாக வெட்டக் கூடாது. முதிர்ந்து சாம்பல் நிறமான கிளையை அடியோடு எடுத்து, கீழிருந்து வரும் இளம் கிளைக்கு இடம் விட வேண்டும். போன பருவத்தில் வளர்ந்த கிளையில்தான் பூ வரும். இங்கே குளிர்காலம் இல்லாததால் கவ்வாத்துதான் செடிக்குப் பருவத்தைச் சொல்லித் தருகிறது. வெட்டியதிலிருந்து பழம் வர ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். உங்கள் பக்கத்தில் வெயில் காலமான ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பழம் பறிக்க வேண்டுமானால், ஜூன் ஜூலையில் மழை ஓய்ந்த ஒரு நாள் பார்த்து, கத்தியைச் சுத்தப்படுத்திக்கொண்டு வெட்டுங்கள். ஊவாப் பக்கத்துக்காரருக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்ட காலம், அவர்கள் அதற்கேற்ப வருடக் கடைசியில் வெட்ட வேண்டும்.

பழம் நீலமானவுடன் பறிக்க அவசரப்படாதீர்கள். காம்பு ஒட்டும் இடத்தில் ஒரு சிவந்த வளையம் தெரியும், அது மறைய இன்னும் சில நாள் எடுக்கும். பறித்த பிறகு இது இனிக்காது. பெருவிரலால் உருட்டினாலே கையில் விழுந்தால் அதுதான் பதம். மேலே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் மெழுகு பழத்தைக் காக்கும், தின்னும் நேரம்வரை கழுவ வேண்டாம். நீங்கள் பதம் பார்ப்பதற்குள் கொண்டைக்குருவி பார்த்துவிடும், அதனால் காய் நிறம் மாறும்போதே வலை கட்டுங்கள். சட்டம் அடித்து இறுக்கமாகக் கட்டுங்கள், செடி மேல் தளர்வாகப் போட்டால் குருவியும் பாம்பும் சிக்கிச் சாகும்.

உங்கள் இரண்டு கன்றையும் பிடுங்கி எறிய வேண்டாம். இலை மாறி மாறி வருகிறதா என்று முதலில் பாருங்கள். புளூபெரிதான் என்றால், கலவையைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, மழை குறைந்த ஒரு மாலையில் வேரோடு கிளப்புங்கள். ஒட்டியிருக்கும் கோவாப் பாத்தி மண்ணை மழைத் தண்ணீரில் மெதுவாக அலசிவிட்டு, முன்பு நின்ற ஆழத்திலேயே பையில் நடுங்கள். ஒரு மாதம் உரம் வேண்டாம். மஞ்சளான பழைய இலை பச்சையாகத் திரும்பாமல் போகலாம், அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். புதிதாக வரும் கொழுந்து செம்பு நிறத்தில் விரிந்து முழுப் பச்சையானால் வேர் சரியாகிவிட்டது. அப்புறமும் இரண்டு பருவம் பூக்காவிட்டால் அது குளிர் கேட்கும் ரகம், அதற்கு மேல் அதோடு மல்லுக்கட்டாமல் பிலொக்ஸி ஒன்று வாங்குங்கள்.

நல்ல செடி ஒன்று அமைந்துவிட்டால் மேலும் கன்றுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அரை முற்றல் கிளையில் நான்கு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, தும்புத்தூளும் மணலும் கலந்து நிழலில் குத்தி, பொலித்தீனால் மூடி வைத்தால் இரண்டு மாத அளவில் வேர் விடும். தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்த அக்காமார் உங்கள் தோட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். தண்டை எங்கே வெட்டுவது, எவ்வளவு ஈரம் விடுவது, மூடியை எப்போது திறப்பது என்று அவர்களிடம் கேளுங்கள். தேயிலைத் தண்டுக்கு அவர்கள் செய்வதை அப்படியே இதற்கும் செய்யலாம்.